நாற்பதாவது பேர்

சாத்தம்பாடி தொடக்கப் பள்ளியில் 1966ஆம் வருஷம் முப்பத்தொன்பது பிள்ளைகள். நாற்பது தலை இருந்தால்தான் இரண்டாவது ஆசிரியர் உண்டு என்பது சட்டம். ஒன்று குறைந்தாலும் அவர் உபரி. உபரி என்ற சொல்லை நெல்லுக்குச் சொன்னால் சந்தோஷம். ஆசிரியருக்குச் சொன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சவுரியம்மாள் வளவனூர்ப் பக்கம் ஒரு பள்ளியிலும் கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு பள்ளியிலும் உபரியாகி, மூன்றாவதாக இங்கே வந்தவள். இங்கேயும் உபரியானால் பட்டியலிலிருந்தே பேர் போய்விடும் என்று அவளுடைய ஆணையின் அடியிலேயே அச்சடித்திருந்தது. திண்டிவனத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தவளுக்கு, இந்த வேலையைத் தவிர தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் கிடையாது.

தலைமையாசிரியர் விருத்தாசலம் நல்ல மனிதர். அவள் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் தான் ஒருவராகக் கட்டி மேய்க்க வேண்டுமே என்பதால் இன்னும் கொஞ்சம் நல்லவராக இருந்தார்.

"முப்பத்தொம்பதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல இன்னா கடலா இருக்குது டீச்சர்? ஒரு பேரு. எழுதிடுங்க."

"ஆள் இல்லாமயா சார்?"

"ஆளு பின்னால வரும். பேரு மொதல்ல வரட்டும்."

சவுரியம்மாள் எழுதினாள். ஜெயம், தகப்பன் மாசிலாமணி, கூலி. பிறந்த தேதிக்கு வந்தபோது பேனா நின்றது. அந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி என்று ஒன்று கிடையாது. வலக்கையைத் தலைக்கு மேலே சுற்றி இடக்காதைத் தொட்டால் ஐந்து வயசு. விருத்தாசலம் ஜூன் ஒன்று என்று போட்டுவிடுவார். ஊர் முழுக்க ஜூன் ஒன்றில்தான் பிறந்தது. சவுரியம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. இல்லாத பிள்ளைக்குத் தேதியாவது நம்புகிற மாதிரி இருக்கட்டுமே என்று செப்டம்பர் பதினான்கு என்று போட்டாள்.

அதன் பிறகு ஜெயத்தை அவள் வருகைப் பதிவேட்டில் ஒழுங்காக வளர்த்தாள். மாசியில் ஒரு தடவை அம்மை போட வைத்தாள். திருவக்கரைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தாள். அதிகாரி வந்து தலை எண்ணுகிற அன்றைக்கு, பள்ளியில் சோறாக்குகிற அஞ்சம்மாள் தன் தங்கை மகளைக் கொண்டுவந்து உட்கார வைப்பாள். ஜெயம் முதல் வகுப்பு பாஸ் செய்தாள். இரண்டாம் வகுப்பும் பாஸ் செய்தாள். யாருக்கும் ஒரு தொந்தரவும் கொடுக்காத பிள்ளை.

1968இல் ஜெயம் மூன்றாம் வகுப்புக்கு வந்தபோதுதான் மிஷின் வந்தது.

வந்தது என்றால் சாத்தம்பாடிக்கு இல்லை. மிஷின் விழுப்புரத்தில், ஜங்ஷனுக்குப் பின்னால், முன்பு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளை அடுக்கிய கிடங்கில் இருந்தது. பதினொரு இரும்பு பீரோக்கள். ஓட ஆரம்பித்தால் ஸ்டேஷன் கடிகாரம் ஏழு நிமிஷம் பின்னால் போகும். கூரையில் காக்கை உட்காராது. இதை விழுப்புரத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரயில் எப்படியும் அரை மணி லேட்டாகத்தான் வந்தது.

அதன் அதிகாரி பாண்டுரங்கன், இருபத்தைந்து வயசுப் பையன், சட்டைப்பையில் மூன்று பேனா, ஓர் அட்டைக்கட்டோடு சாத்தம்பாடியில் வந்து இறங்கினான்.

"இதுக்குப் பேரு கம்ப்யூட்டர் டீச்சர். ஒவ்வொரு புள்ளைக்கும் ஒரு அட்டை. அட்டையில நாப்பது கேள்விக்கு எடம். ஒரு கேள்விக்கு நாலு புள்ளி. சரியான பதிலுக்குப் பக்கத்துல இருக்கிற புள்ளியைக் குத்தணும். அவ்ளோதான். வெள்ளிக்கிழமை அனுப்புங்க. யாருக்கு எது தெரியும், எது தெரியாது, அடுத்து எதைச் சொல்லித்தரணும், எல்லாம் திங்கக்கிழமை வந்துரும்."

"அப்ப நாங்க எதுக்கு தம்பி?" என்றார் விருத்தாசலம்.

பாண்டுரங்கன் சிரித்தான். அட்டைக்கட்டைப் பிரித்தான்.

அவன் கொடுத்த குத்தூசிகள் ஒரே வாரத்தில் உடைந்தன. பிள்ளைகள் வீட்டிலிருந்து கோணி ஊசி கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்றாம் வகுப்பில் அட்டை குத்துகிற சத்தம், கறையான் கதவை அரிக்கிற சத்தம் மாதிரி மெதுவாக, விடாமல் கேட்கும். நாலரை மணி பஸ்ஸில் கண்டக்டர் சின்னதுரை தகரப் பெட்டியை வாங்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைப்பான்.

"பொட்டி வர வர கனக்குது டீச்சரம்மா."

"வெறும் அட்டைதான்பா."

"அதான் சொல்றேன். அட்டை கனக்கலாமா?"

மூன்று வாரம் அட்டை வராத பிள்ளையின் பேரை மிஷின் தானே நீக்கிவிடும் என்று விதி. ஆகவே ஜெயத்தின் அட்டையைச் சவுரியம்மாளே குத்தினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எல்லாவற்றையும் சரியாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று, நாற்பதில் பதினொன்றை வேண்டுமென்றே தப்பாகக் குத்தினாள்.

திங்கட்கிழமை தாள் வந்தது. மிஷினுக்குத் தமிழ் எழுத்து வராது. ஒவ்வொரு வரிக்கும் கீழே பாண்டுரங்கன் பென்சிலால் தமிழில் எழுதி அனுப்புவான். முனியம்மாள்: கழித்தலில் கடன் வாங்கத் தெரியவில்லை. வேங்கடேசன்: ஐந்தாம் வாய்ப்பாடு வரை போதும், மேலே வற்புறுத்த வேண்டாம். எல்லாம் நியாயமாக இருந்தது. கடைசி வரிக்கு வந்தாள்.

ஜெயம்: தெரிந்துகொண்டே தப்பாகக் குத்துகிறாள். ஏன்?

சவுரியம்மாள் அந்தத் தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளைப் பாட்டுப் பாட விட்டாள்.

அடுத்த வாரம் நாற்பதையும் சரியாகக் குத்தி அனுப்பினாள். 'இப்போது சரி' என்று பதில் வந்தது. கூடவே ஜெயத்துக்கு மட்டும் தனியாக ஒரு கேள்வித்தாள். முதல் முப்பது கேள்வி கணக்கு. முப்பத்தொன்றிலிருந்து வேறு மாதிரி. நீ எந்தக் கையால் குத்துகிறாய்? உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? நீ ஏன் எப்போதும் கடைசி அட்டையாக வருகிறாய்?

பாண்டுரங்கன் மேற்பார்வைக்கு வந்தபோது அவள் மெதுவாகக் கேட்டாள். "இந்தக் கேள்வியெல்லாம் நீங்க எழுதறதா தம்பி?"

"ஐயோ, நான் இல்ல டீச்சர். அது எழுதறதைத்தான் தமிழ்ல போட்டு சைக்ளோஸ்டைல் எடுக்கறேன். அதுக்கு எது தெரியலையோ அதைக் கேக்கும். தெரிஞ்சுக்கிற வரைக்கும் கேட்டுக்கினே இருக்கும்." பெருமையாகச் சொன்னவன், வகுப்பைப் பார்த்தான். "ஜெயம் யாரு? எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் அவளைத் தெரியும்."

"இன்னிக்கு வரலை. காய்ச்சல்."

"அப்படியா?" என்றான். "மிஷினும் அதையேதான் சொல்லுச்சு. நான் போறப்ப அவ இருக்க மாட்டான்னு."

ஐப்பசி மழையில் சவுரியம்மாளுக்கே காய்ச்சல் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போக முடியவில்லை. விருத்தாசலம் முப்பத்தொன்பது அட்டையை வாரிப் பெட்டியில் போட்டு அனுப்பினார். ஜெயத்தின் அட்டை, ஒரு புள்ளிகூடக் குத்தாமல், சவுரியம்மாளின் மேஜை இழுப்பறையில் கிடந்தது. கிடந்தது என்பதை அவள் திங்கட்கிழமை வந்து முதல் வேலையாகப் பார்த்தாள். பிறகு விழுப்புரத்துத் தாளைப் பிரித்தாள்.

ஜெயம்: நாற்பதுக்கு நாற்பது.

அதற்குப் பிறகு ஜெயத்தின் அட்டையை அவள் குத்தவே இல்லை. மூன்று வாரம் போகட்டும், பேர் நீங்கட்டும், உபரியானாலும் ஆகட்டும் என்கிற அளவுக்குப் பயம். மூன்று வாரமும் நாற்பதுக்கு நாற்பது வந்தது. நான்காவது வாரம் ஆணை வந்தது.

விருத்தாசலம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். ஒரே ஊரில், ஒரே ஜூன் ஒன்றாம் தேதி, முப்பத்தொன்பது பிள்ளைகள் பிறப்பது நடக்காத காரியம் என்று மிஷின் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருந்தது. ஆகவே அந்த முப்பத்தொன்பது பேரும் கற்பனை, பேர்கள் நீக்கப்படுகின்றன. சாத்தம்பாடிப் பள்ளியில் மெய்யான பிள்ளை ஒன்றுதான். பிறந்த தேதி செப்டம்பர் பதினான்கு. ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் போதும். ஜெயத்தின் வகுப்பாசிரியை சவுரியம்மாள் இனி நிரந்தரம். விருத்தாசலம் உபரி.

"இருவத்தெட்டு வருசம்," என்றார் விருத்தாசலம். "இருவத்தெட்டு வருசமா ஜூன் ஒண்ணு போட்டுக்கினு வர்றேன். ஒரு ஆள் கேட்டானா?" பிறகு தாழ்ந்த குரலில், "உங்களுக்கு நெரந்தரம் டீச்சர். நல்லா இருங்க" என்றார்.

நிரந்தரம். அந்தச் சொல்லுக்காக அவள் பதினோரு வருஷம் மூன்று பள்ளிக்கூடம் அலைந்திருந்தாள். இப்போது தாளில், ஊதா மையில், அவள் பேருக்கு நேரே இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டாள்.

சோற்றுக்கு உண்டான அரிசியும் அன்றே குறைந்தது. அஞ்சம்மாள் ஒரு பிள்ளைக்கு அளந்து ஆக்கி, ஒரு தட்டில் போட்டு, மூன்றாம் வகுப்பு வாசலில் வைத்தாள். தங்கள் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு முப்பத்தொன்பது பிள்ளைகள் வெயிலில் நின்று பார்த்தார்கள். மணி அடித்தபோது அந்த ஒரு தட்டு காலியாக இருந்தது. காக்கை தின்றிருக்கலாம். தட்டைக் கழுவியும் வைத்திருந்தது.

மறுநாள் காலை பாஞ்சாலி வந்தாள். முனியம்மாளின் தாய், வயல் வரப்புக்கு அண்டை கட்டுகிற மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே வந்தாள். மகளைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"ஏன் டீச்சரம்மா, இவ இல்லியாமே?"

"பேரு மட்டும்தான் பாஞ்சாலி..."

"காத்தால எங்கிட்ட கேப்பைக் கூழு வாங்கிக் குடிச்சது யாரு? பேனு பாக்கச் சொல்லி மடியில படுத்தது யாரு? பத்து மாசம் வவுத்துல சுமந்தது நானு, இல்லன்னு சொல்றது விழுப்புரத்துல இருக்கிற இரும்புப் பொட்டியா? அது இன்னா எம் பிரசவத்துக்கு வந்து விளக்கு புடிச்சிதா?"

"நான் எழுதிக் கேக்கறேன்மா."

"நீங்க எழுதுவீங்க. நீங்கதானே எழுதினீங்க, அந்தப் பொண்ணு பேரை. இந்த ஊருல மாசிலாமணின்னு ஒரு கூலிக்காரன் கெடையாதுன்னு எங்களுக்குத் தெரியாதா? பாவம், ஒத்தப் பொம்பள பொழச்சிப் போவட்டும்னு வாய மூடிக்கினு இருந்தோம்." பாஞ்சாலி மகளைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். வேலிப் படலைத் தாண்டும்போது முனியம்மாள் திரும்பி, "நான் இருக்கறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மத்தியான பஸ்ஸிலேயே சவுரியம்மாள் விழுப்புரம் போனாள்.

கிடங்கில் மார்கழிக் குளிர் மாதிரிக் குளிர் அடித்தது. பீரோக்கள் பதினொன்றும் ஒரே மூச்சில் உறுமின. பாண்டுரங்கன் அவளுக்கு நாற்காலி போட்டு, காபி வாங்கிவரச் சொன்னான்.

"தம்பி, ஜெயம்னு ஒருத்தி இல்ல. நான் எழுதின பேரு அது. பொய். என்னை வேலையை விட்டு எடுத்துருங்க, புள்ளைங்க பேரைச் சேத்துருங்க."

பாண்டுரங்கன் வருத்தமாகத் தலையாட்டினான், டாக்டர்கள் ஆட்டுகிற மாதிரி.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் டீச்சர். போன வாரமே சொல்லிருக்கா பாருங்க." ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். கூடவே கேள்வித்தாள். முப்பத்தொன்பதாவது கேள்வி: உன் ஆசிரியை அடுத்து என்ன செய்வார்? ஒன்று, பாடம் நடத்துவார். இரண்டு, லீவு போடுவார். மூன்று, நான் இல்லை என்று சொல்வார். நான்கு, தெரியாது.

மூன்றாவது புள்ளி குத்தப்பட்டிருந்தது. துளையின் விளிம்பு பிசிறில்லாமல், கோணி ஊசி குத்திய அகலத்தில் இருந்தது.

"இதை நான் குத்தலை," என்றாள் சவுரியம்மாள்.

"நீங்க எப்படிக் குத்துவீங்க? இது அவ அட்டையாச்சே."

"நான் சொல்றேனே தம்பி. கையால எழுதின நான், வாயால சொல்றேன்."

"உங்க பேச்சுக்கு சாட்சி இல்ல டீச்சர். அவளுக்கு இருவது வாரத்து அட்டை இருக்குது. நீங்களே சொல்லுங்க, நான் எதை நம்பறது?" அவன் குரலைத் தாழ்த்தினான். பீரோக்களின் உறுமலும் கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது. "முப்பத்தொம்பது பேரும் நெசம்னு ஜெயம் சொன்னா, மிஷின் கேக்கும். அவ பேச்சை அது தட்டினதே இல்ல."

காபி வந்தது. அவள் குடிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜெயத்துக்கு வந்த கேள்வித்தாளில் கணக்கே இல்லை. மிஷின் அவளிடம் முப்பத்தொன்பது பேர்களை வரிசையாகக் கொடுத்து, ஒவ்வொரு பேருக்கும் கேட்டிருந்தது: இவர் இருக்கிறாரா? சவுரியம்மாள் வகுப்புக் கதவைச் சாத்தினாள். குத்தாமல் விட்டால் நிரந்தரம். ஜன்னல் வழியே பார்த்தாள். பிள்ளைகள் எதிரே புங்கமரத்தடியில், புத்தகப் பையோடு, போக வேறு இடம் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஊசியை எடுத்தாள். இருக்கிறார். இருக்கிறார். முனியம்மாளுக்கு வந்தபோது ஊசி அட்டையைத் தாண்டி மேஜைப் பலகையில் இறங்கியது. முப்பத்தொன்பது முடிந்து கையை எடுக்கப் போனபோது, நாற்பதாவது கேள்வி ஒன்று அடியில் இருந்ததைப் பார்த்தாள்.

இவர்களுக்கெல்லாம் நீ சொல்லித் தருவாயா?

அவள் அதைக் குத்தவில்லை. இதை அவள் பின்னால் பலரிடம் சத்தியம் செய்து சொன்னாள். குத்தாமல்தான் பெட்டியில் வைத்து, சின்னதுரையிடம் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, முழங்காலில் முட்டுக் கொடுத்து ஏற்றினான்.

"இன்னா டீச்சரம்மா, ஆளையே வச்சி அனுப்புறீங்களா?" என்றான்.

திங்கட்கிழமை அவள் வந்த பஸ் வழியில் பஞ்சராகி, பள்ளிக்கு வந்து சேரும்போது மணி பத்தரை. வாசலிலேயே பிள்ளைகளின் செருப்பில்லாத கால்தடங்கள் உள்ளே போயிருப்பது தெரிந்தது. அஞ்சம்மாள் பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றியிருந்தாள். சவுரியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. விருத்தாசலம் தன் பழைய நாற்காலியில் இருந்தார்.

"வந்துட்டாங்க எல்லாரும்," என்றார். "பேரு திரும்ப வந்துருச்சி. என் வேலையும் வந்துருச்சி."

"ஆண்டவரே."

"ஆணையைப் படிச்சிடுங்க டீச்சர்." அவர் முகத்தைக் கொடுக்காமல் தாளை மட்டும் கொடுத்தார்.

முப்பத்தொன்பது பேரையும் ஒருவர் விடாமல் அறிந்தவர் என்ற தகுதியில், சாத்தம்பாடிப் பள்ளியின் இரண்டாம் ஆசிரியர் இடத்தில் மா. ஜெயம், நிரந்தரமாக, இன்று காலை முதல். சவுரியம்மாள் என்ற பேர் தாளில் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும் இல்லை.

"கையெழுத்து ஆயிடுச்சி," என்றார் விருத்தாசலம், ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் தள்ளி. ஒன்பதே கால் மணிக்கு நேரே, மை இன்னும் சரியாகக் காயாமல், வட்ட வட்டமான எழுத்தில் ஒரு கையெழுத்து இருந்தது.

"யார் சார் போட்டது?"

"நான் அடுப்புக்கு வெறகு இருக்குதான்னு பாக்கப் போயிருந்தேன்."

சவுரியம்மாள் மூன்றாம் வகுப்புக்கு நடந்தாள். அந்த அறையில் அவ்வளவு அமைதி எந்த ஆசிரியர் காலத்திலும் இருந்ததில்லை. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் அங்கேயே கை கட்டி, முதுகு நிமிர்த்தி, நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி காலி. கரும்பலகையில் அன்றைய தேதி எழுதியிருந்தது. அவள் வாசற்படியில் கால் வைத்ததும் முனியம்மாள் திரும்பி, உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க. டீச்சர் பாடம் நடத்தறாங்க."

சவுரியம்மாள் திரும்பி வந்தாள். விருத்தாசலம் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு பேஜாரு டீச்சர். ஜெயம் வாத்தியாரம்மா ஆயிட்டதால, புள்ளைங்க கணக்குல ஒண்ணு கொறையுது. மறுபடியும் முப்பத்தொம்பது. சட்டம்னா சட்டம், அந்தம்மாவும் உபரியாயிடும். பிறகு மிஷின் சும்மா இருக்குமா? உங்க பேரும் இப்ப எங்கியும் இல்ல..." அவர் பிள்ளைகளின் சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். வெறுமையாக இருந்தது. "மதியச் சோறாவது நிச்சயம்."

மூன்றாம் வகுப்பிலிருந்து முப்பத்தொன்பது குரல்கள், யாரோ சொல்லிக் கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிற மாதிரி, ஒரே சமயத்தில் வாய்ப்பாட்டை ஆரம்பித்தன. ஒவ்வொரு வரிக்கும் நடுவில், யாரோ முதலில் சொல்லி முடிக்கக் காத்திருக்கிற நேரத்துக்கு, நிறுத்தின.

விருத்தாசலம் பேனா மூடியைத் திருகினார்.

"அப்பா பேரு சொல்லுங்க," என்றார்.

அவள் சொன்னாள்.